வன்னியம்பட்டி விலக்கில் ஒரு ராப் பாடகி

ராஜபாளையத்தில் என் அண்ணன் நடத்தும் ஃபிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். எந்த ஊரில் எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பது பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருடமாக மவுஸைத் தேய்த்ததில் நான் கண்டுகொண்ட ஒரு விஷயம் உண்டு. எங்கள் பக்கத்து ஃபிளக்ஸில் ஒரு பெண்ணின் படம் நடுவில் பெரிதாக வருவது அவள் பெரிய மனுஷி ஆனபோது, கல்யாணத்தின்போது, அப்புறம் கண்ணீர் அஞ்சலியின்போது. கல்யாணத்தில்கூடப் பாதி இடம் மாப்பிள்ளைக்குப் போய்விடும். எந்த விசேஷமானாலும் கீழே வரிசையாக ஆண்கள் நிற்பார்கள், கூலிங் கிளாஸோடும் காதில் போனோடும். யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதிலும் தாய்மாமன் விவகாரம் தனி. பெண்ணின் படத்துக்குப் பக்கத்தில் தாய்மாமன் இருக்க வேண்டும், கையெடுத்துக் கும்பிட்டபடி. படம் கொஞ்சம் சின்னதாகிவிட்டால் சீர் தட்டோடு திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு தடவை பெரிய மாமனையும் சின்ன மாமனையும் ஒரே அளவில் போட்டுவிட்டேன் என்பதற்காக இரண்டு பேரும் கடைக்கே வந்து என் தலைக்கு மேலே சண்டை போட்டார்கள். நான் இரண்டு பேரையும் வெளியே போய்ச் சண்டை போடச் சொன்னேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று அண்ணன் சொல்வான். இந்த வேலையில் முன்கோபம் இல்லாமல் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வரட்டும்.

இப்படி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் இரண்டு அமெரிக்கப் பெண்களின் குரல் என் காதில் விழுந்தது. என் தோழி அனுப்பிய பாட்காஸ்ட் அது. தோழிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அவள் வாப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. அவளுக்குக் கிருஷ்ணன்கோவில் இன்ஜினியரிங் காலேஜில் லேப் வேலை. நாங்கள் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாக ராப் கேட்டுக் கெட்டுப்போனவர்கள். "ஏட்டி, இதக் கேளு, பொறவு பேசு" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அந்த இரண்டு பேரும் கறுப்பினப் பெண்கள், சிநேகிதிகள். ஒருத்தி வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள். நடுவில் குக்கர் சத்தம் போல ஏதோ கேட்கும், குழந்தை அழும், ஒருத்தி எழுந்து போய்விட்டு வருவாள். பேச்சு முழுக்க ஹிப்-ஹாப் பாடிய பெண்களைப் பற்றி. தங்கள் தெருவில் பிறந்த இசை இது, பெண்கள் முதல் நாளிலிருந்து இதில் இருந்தார்கள், ஆனால் யார் எழுதினாலும் அவர்களை ஓரத்தில்தான் எழுதினார்கள் என்பது அவர்களுடைய வழக்கு. இல்லாவிட்டால் இரண்டு பெண்களை மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பார்களாம். ஒரு நேரத்தில் ஒரு ராணிக்குத்தான் இடம் என்பார்களாம். "அவர்கள் இடம் தராவிட்டால் போகட்டும், நம் மேசையைப் பெரிதாக்கிக்கொள்வோம்" என்று ஒருத்தி சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதலில் எனக்குப் பாதி இங்கிலீஷ் புரியவில்லை. வேகத்தைக் குறைத்துவைத்துக் கேட்டேன். குறைத்தால் அவர்கள் குடித்தவர்கள் மாதிரி பேசினார்கள். இருந்தாலும் விடவில்லை.

என்னைப் பிடித்துப்போட்டது அவர்கள் கேட்ட கேள்விகள். ஒரு பாட்டைப் போடுவார்கள், பாதியில் நிறுத்திவிட்டு, "இந்த வரியில் எங்கே மூச்சு விட்டாய்?" என்று அந்தப் பாடகியையே கேட்பார்கள். இந்தச் சொல்லை ஏன் இங்கே வைத்தாய், இந்தத் தாளம் எங்கே கிடைத்தது என்பார்கள். புருஷன் என்ன சொல்கிறார், பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நம் ஊர்ச் சேனல்களில் ராப் பாடுகிற பெண் யாராவது வந்து உட்கார்ந்தால் முதல் கேள்வியே "வீட்ல என்ன சொன்னாங்க?", இரண்டாவது "கல்யாணம் எப்போ?". பாட்டைப் பற்றிக் கேட்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். எனக்குப் போனைத் தூக்கி எறியலாம் போல இருக்கும். போன் விலையை நினைத்துச் சும்மா இருப்பேன்.

ஆக நாங்களும் ஒரு சேனல் ஆரம்பித்தோம், தமிழில் ராப் பாடுகிற பெண்களுக்கு மட்டும். ஒரே ஒரு சட்டம் வைத்தோம்: வீட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது. பாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ரெக்கார்டிங் தோழியின் வாப்பா கடைக் குடோனில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான்கு பக்கமும் ஜமுக்காளமும் போர்வையும் அடுக்கியிருக்கும். அதைவிட நல்ல ஸ்டூடியோ சென்னையில்கூடக் கிடைக்காது. ஒரு சத்தம் எதிரொலிக்காது. பெருநாள் வியாபாரத்தில் சரக்கு முழுக்க விற்றுப்போய்விட்டால் மட்டும் எங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும். "சரக்கு வந்த பொறவு பேசுங்கட்டி, வியாபாரத்துக்குக் கண்ணு வச்சிராதீங்க" என்று வாப்பா சிரித்துக்கொண்டே போவார்.

கேட்டவர்கள் ஏதோ கொஞ்சம் பேர்தான். ஆனால் கேட்டவர்களில் ஒருத்தி எங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். பின்னால் பஸ் சத்தம். கழன்றுபோன ஜன்னல் ஷட்டர் ஒன்று தடதடவென்று ஆடுகிற சத்தம். அந்தத் தடதடப்பையே தாளமாக வைத்துக்கொண்டு ஒரு பெண் ராப் பாடினாள். பஸ் பள்ளத்தில் இறங்கினால் அவளும் ஒரு தாளம் விட்டுப் பிடித்தாள். நான் கடையில் ஒரு காதுகுத்து ஃபிளக்ஸைப் பாதியில் விட்டுவிட்டு நான்கைந்து தடவை கேட்டேன். அன்று அந்தக் குழந்தையின் சித்தப்பா ஒருவர் படத்தில் விட்டுப்போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குடோனுக்கு வந்தாள். வன்னியம்பட்டிப் பெண். நூல் மில்லில் வேலை. ஸ்கூட்டரில் போகிறவர்கள் மாதிரி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கட்டியிருந்தாள், கண் மட்டும் தெரிந்தது. உள்ளே வந்தும் அவிழ்க்கவில்லை. போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்து அதையே தட்டிக்கொண்டு பாடினாள். தோழி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

பாடி முடித்துவிட்டு அவளே சொன்னாள், நாங்கள் கேட்காமலே. "அக்கா, குரல் மட்டும் போடுங்க. பேரு வேண்டாம், மூஞ்சி வேண்டாம். எங்க அப்பா இல்ல. சுந்தரபாண்டியத்துல இருக்காக எங்க மாமா, அம்மா கூடப் பொறந்தவிய. எல்லாம் அவிய பாக்குறதுதான். இப்ப மாப்பிள்ள பாக்காக. நான் ராப் பாடுறேன்னு மாமாவுக்குத் தெரிஞ்சா, தை மாசம் எவனுக்காவது கட்டிக் குடுத்துருவாக. பொறவு பாட்டு அத்தோட சரி."

எனக்கு அந்த மாமாவை முன்பின் தெரியாது. தெரியாமலே அவர் மேல் கடும் கோபம் வந்தது.

குரலை மட்டும் போட்டோம். அவள் பாட்டுக்கு வந்த வரவேற்பைப் பார்த்துத் தோழிக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தப் பஸ் பாட்டைச் சேர்த்து, அதன் அர்த்தத்தை இங்கிலீஷில் எழுதி, அந்த அமெரிக்கப் பெண்களுக்கு மெயில் போட்டாள். "உங்களைக் கேட்டுத்தான் ஆரம்பித்தோம், எங்கள் குடோனைப் பாருங்கள்" என்று ஒரு படமும் வைத்தாள். பதில் வராது என்று நான் சொன்னேன். வந்தது. அதுவும் குரலாகவே. இரண்டு பேரும் ஒன்றாகப் பேசினார்கள், ஒருத்தியை ஒருத்தி பேசவிடாமல். அந்த ஜன்னல் ஷட்டரை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். உலகம் முழுக்க ராப் பாடுகிற பெண்களைப் பற்றிய அவர்களுடைய நிகழ்ச்சி ஒன்றில் இவள் பாட்டைப் போடப் போகிறார்களாம். விருப்பம் இருந்தால் ஒரு படம் அனுப்பச் சொன்னார்கள். விருப்பம் இல்லை என்றால் ஒரு மைக் படம் போட்டுக்கொள்வார்களாம், எங்கள் மேசையில் யாரும் முகம் காட்டித்தான் உட்கார வேண்டும் என்பதில்லை என்றார்கள்.

நான் குடோனில் அவளிடம் இதைச் சொன்னபோது, அந்தப் பதிலைப் போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு துப்பட்டாவை அவிழ்த்தாள். "அவிய இம்புட்டு மரியாதையாக் கேக்காகளே" என்றாள். சேலை அடுக்குகளுக்கு முன்னால் நிற்கவைத்துத் தோழி படம் எடுத்தாள். நிமிர்ந்து நின்றாள். சிரிக்கச் சொன்னோம், சிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்தப் படம் அப்படியே சிலை மாதிரி வந்தது. "அமெரிக்காவுக்கு மட்டும்க்கா. இங்க யார் கண்ணுலயும் படக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னாள்.

நான் அந்தப் படத்தை வைத்துக் கடையில் ஒரு போஸ்டர் செய்தேன். வெறும் படத்தை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஒரு பெண், நடுவில், தனியாக, வேறு எந்தக் காரணத்துக்கும் இல்லாமல் அவள் பாட்டுக்காக. இப்படி ஒன்றைச் செய்ய என் கை எத்தனை நாளாகக் காத்திருந்தது! "உலகப் பெண்களின் மேடையில் எங்கள் வன்னியம்பட்டிக் குரல்" என்று மேலே எழுதினேன். கீழே ஒரு ஆண்கூட இல்லை. அளவு மட்டும் பழக்கத்தில் பத்துக்கு எட்டு அடி என்று அமைந்துவிட்டது. எனக்கு வேறு அளவு வராது. அதைச் சின்னதாக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் காலேஜ் பஸ்ஸிலிருந்து தோழி போன் செய்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் போகிற வழியில்தான் வன்னியம்பட்டி விலக்கு, ஊருக்குள் பாதை பிரிகிற இடம்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? விலக்குல தொங்குது!"

"என்னது தொங்குது?"

"நம்ம புள்ள! பத்தடிக்கு!"

போனும் கையுமாகக் கடைக்கு ஓடினேன். கடையில் பிரிண்டிங் மெஷினை ஓட்டுகிற அண்ணன் ஒருவர் உண்டு. எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் என்னைவிடக் கடைமேல் உரிமை அதிகம். நான் கத்திக்கொண்டே உள்ளே போனதும் அவர் நிதானமாகச் சொன்னார்.

"நேத்து வன்னியம்பட்டிக் காதுகுத்து ஃபிளக்ஸ் ஒண்ணு அடிக்க இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல நீ வச்சிட்டுப் போன இந்த டிசைன்லயும் வன்னியம்பட்டின்னு இருந்துச்சு. ஒரே வண்டில கட்ட அனுப்பிட்டேன். நீ அவசரத்துல இவண் போட மறந்துட்ட. நல்ல வேள, நான் பாத்துப் போட்டேன்."

இவண் என்பது ஃபிளக்ஸின் அடியில் வருகிற வரி, வாழ்த்துகிறவர் யார் என்று சொல்வது. அது இல்லாத ஃபிளக்ஸ் எங்கள் ஊரில் தலையில்லாத முண்டம்.

"என்னண்ணே போட்டீங்க?"

"வழக்கமாப் போடுறதுதான். இவண், தாய்மாமன் மற்றும் உற்றார் உறவினர்கள்."

அந்தப் பெண் உலகத்திலேயே யாருக்குத் தெரியக் கூடாது என்று பயந்தாளோ, அவர் பெயரிலேயே அவளை ரோட்டில் தொங்கவிட்டிருக்கிறோம். மெஷின் அண்ணனை வாயில் வந்தபடி திட்டினேன். அவர் பாவம், தான் செய்த தப்பு என்னவென்று விளங்காமல், "எழுத்து சின்னதாயிருச்சோ?" என்று கேட்டார்.

போய் அவிழ்த்துவிட்டு வரலாம் என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அதற்குள் அவளே கடை வாசலில் வந்து நின்றாள். அன்று அவளுக்குச் சாயந்தர ஷிஃப்ட். என்னைப் பார்க்கக் கிளம்பியவள், விலக்கில் பஸ் ஏற வந்து நின்றபோது தன் முகத்தையே பார்த்திருக்கிறாள். துப்பட்டாவுக்குள் கண் மட்டும் தெரிந்தது, அது அழுதிருந்தது. நான் நடந்ததைச் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னை அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "மாமா இந்நேரம் பாத்திருப்பாக" என்று மட்டும் சொன்னாள். நான் என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

பார்த்திருந்தார். அடுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டைப் பையில் பேனா. அவளைக் கவனிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"வன்னியம்பட்டி விலக்குல ஃபிளக்ஸ் போட்டது இந்தக் கடதானா?"

"ஆமா" என்று எழுந்து நின்றேன். பெண்ணுரிமை, சட்டம், அவள் சம்பாத்தியம், எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"தாய்மாமன்னு போட்டிருக்கீக. தாய்மாமன் படம் எங்க?"

"காலையில இருந்து ஒவ்வொருத்தனா கையக் குடுக்கான்" என்று அவர் தொடர்ந்தார். "கிருஷ்ணன்கோவில் டீக்கடையில காசே வாங்க மாட்டேனுட்டான். எதுக்குக் குடுக்கானுவன்னு தெரியாம நானும் குடுத்துக்கிட்டே வாரேன். ஒருத்தன் ஒங்க புள்ள நீட்டுல பாஸாமேங்கான், இன்னொருத்தன் கபடிங்கான். ஆமா ஆமாங்கேன். என் அக்கா மகளுக்கு என்ன விசேஷம்னு எனக்கு ஒரு ஃபிளக்ஸ் கடக்காரி சொல்லித் தெரிய வேண்டிருக்கு. தாயி, என்ன மேட அது?"

அவர் குரல் உயர்ந்துதான் இருந்தது. ஆனால் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. ஊரெல்லாம் வாழ்த்தும்போது தனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லையே என்கிற வருத்தம் அது. நான் இத்தனை நாளாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆள் இவர் இல்லை.

நான் பதில் சொல்வதற்குள் அவள் முன்னால் வந்தாள். முகத்துத் துணியை அவிழ்த்தாள்.

"மாமா, நான் பாட்டுப் பாடுறேன். அத அமெரிக்காவுல ரெண்டு பொம்பளைங்க அவிய நிகழ்ச்சியில போடப் போறாக."

"பாட்டுன்னா? சாமி பாட்டா?"

"இல்ல மாமா. நானா எழுதுன பாட்டு. ராப்பு."

அவர் அவளையே பார்த்தார். "பாடு, கேப்போம்" என்றார். அது உத்தரவா சவாலா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் மெஷின் அண்ணனைப் பார்த்து, "அண்ணே, செத்த நேரம் நிப்பாட்டுங்க" என்றாள். எங்கள் அண்ணனே சொன்னாலும் நிறுத்தாத மெஷின் நின்றது. அவள் மேசையில் விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

*தலை நெறையப் பஞ்சிருக்கு, தனியா எதுக்குப் பூவு?*
*அறுந்த நூல முடிஞ்ச கையி, அடங்குமாடி நாவு?*
*பொண்ணு பாக்க வாரவியளே, பொறுத்து உக்காருங்க,*
*காப்பி ஆறிப் போகும் முன்ன என் கதையக் கேளுங்க.*
*பாடத் தெரியுமான்னு கேட்டுப் பழக்கமாச்சு ஒங்களுக்கு,*
*பாடி முடிச்சா எந்திரிக்கப் பலமிருக்கா கால்களுக்கு?*

முதல் வரியில் குரல் நடுங்கியது. மூன்றாவது வரியில் நடுக்கம் போய்விட்டது. பாட்டு இன்னும் நீளம், முழுக்கப் பாடினாள். அந்த அமெரிக்கப் பெண்கள் அங்கே இருந்திருந்தால் மேசையைக் குத்திக் கத்தியிருப்பார்கள். நான் கத்தவில்லை, மாமா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைப் பையிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார்.

"மில்லப் பத்திப் பாடிருக்கியே, வேலைக்கு வம்பு ஒண்ணும் வந்துராதே?" என்றார் கடைசியில்.

"வராது மாமா. மில்லு பேரு சொல்லல."

"ம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி தாயி, வேற ஒண்ணு அடிச்சுருங்க. ஓரத்துல என் படத்தச் சின்னதா வச்சு."

எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. எங்கள் சேனலின் படத்தில் ஆண் தலை கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா. படம் நான் மட்டும் இருக்கட்டும். வாழ்த்துறது நீங்கன்னு கீழ இருக்குல்ல, அது எனக்குப் போதும்."

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். தாய்மாமனிடம் படம் வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

சமாதானத்துக்காக நான் இடையில் புகுந்து, "இன்னைக்கே எறக்கிருதோம் மாமா. தெரியாமக் கட்டுனதுதான்" என்றேன்.

"எறக்க வேண்டாம்க்கா" என்றாள் அவள். "கெடக்கட்டும்."

"ஏட்டி, நல்லா ரோசிச்சுத்தான் சொல்லுதியா?" என்றார் மாமா. "வார வாரம் பொண்ணு பாக்க ஆளு வருது. எல்லாரும் அந்த விலக்குல எறங்கித்தான் ஊருக்குள்ள வரணும்."

"அதுக்குத்தான் மாமா சொல்லுதேன். அங்கனயே பாத்துக்கிடட்டும். சம்மதம்னா உள்ள வரட்டும், இல்லன்னா அடுத்த பஸ்ஸுல போகட்டும்."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து பைக் சாவியை எடுத்தார்.

"ஏறு. போற வழியில அத ஒழுங்கா நின்னு பாக்கணும். காலையில கை குடுத்ததுலயே நேரம் போயிருச்சு."